சுவரில் மாட்டாத நீலப் பலகை

தேசிங்கு பலகையின் நடுவில் கை கொடுத்துத் தூக்கினான். தூக்க முடியவில்லை.

அறவே முடியாமல் இல்லை. இருபது வருஷமாக ஒரு கையால் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடிய அலைச்சறுக்குப் பலகை அது. அன்றைக்கு ரெண்டு கையும் கொடுத்து, மூச்சைப் பிடித்து, முழங்காலில் தாங்க வேண்டி வந்தது. தாங்கினான். அப்புறம் தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெல்லக் கீழே வைத்தான்.

பட்டறை முழுக்கச் சாம்பிராணிப் புகை. ஆயுத பூஜை நாள். கம்ப்ரசருக்கு மாலை, ட்ரில்லுக்குச் சந்தனம், கட்டிங் மெஷினுக்குக் குங்குமம். வேலையாட்கள் எல்லாம் கையில் பொரிப் பொட்டலத்தோடு சுற்றி நிற்கிறார்கள். எங்கள் ஊருக்கு முதல் தடவையாக வந்திருக்கிற விருந்தாளியின் முகம் எப்படி மலரப் போகிறது என்று பார்க்கத்தான் அத்தனை பேரையும் நிறுத்தி வைத்திருந்தேன்.

"இதுக்குள்ள இன்னா வச்சிக்கிறீங்க நாமக்கல்லாரே?" என்றான் தேசிங்கு.

"பலம்!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

அவன் சிரிக்கவில்லை. பலகையைக் குப்புறப் புரட்டி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவினான். எதையோ தேடுகிற மாதிரி வால் பக்கம் வரைக்கும் தடவிக்கொண்டே போனான். அங்கே ஒன்றுமில்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பு. அந்த வழவழப்புக்குத்தான் நாங்கள் மூன்று நாள் எமரித் தாள் போட்டுத் தேய்த்திருந்தோம்.

அவன் நிமிர்ந்தபோது நான் பாராட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத் தொழிலில் என் வேலையைப் பார்த்து ஒருத்தன் கண் கலங்கியது அன்றைக்குத்தான். சந்தோஷத்தில் இல்லை.

அஞ்சு மணி நேரத்தில் கடல்

போன வாரம் வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏங்க, நாமக்கல்லுல நின்னுட்டு எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அஞ்சு மணி நேரம். அலையில சறுக்கறதுக்குப் பத்துப் பலகை வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்கறேன்னு எழுதறீங்களே, எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். "கோழி நாமக்கல்லுல முட்டை போடுது. ஆம்லேட் துபாயில வேகுது. தூரம் ஒரு காரணமாங்க?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "அப்புறம், பத்து இல்லீங்க. பதினொண்ணு இருந்துச்சு" என்றும் சொல்லிவைத்தேன். இந்த வாரம் அந்தப் பதினோராவதைப் பற்றித்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. நான் நாலாங்கிளாஸோடு நின்றவன். ஃபைபர் வேலையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். லாரிக்கு முன்நெற்றி, கேபின் கூரை, கோழிப்பண்ணைக்குத் தீவனத் தொட்டி என்று என் பட்டறையில் வார்க்காத சாமான் இல்லை. நாளைக்கு ரோட்டில் எதிரே ஒரு லாரி வந்தால் நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். என் கை பட்டதாக இருந்தாலும் இருக்கும்.

நீச்சலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணறெல்லாம் பாதாளம். மோட்டார் ரூம் கூரையில் ஏறிக் குதித்துக் கற்றதுதான். தண்ணீர் என்றால் எனக்குப் பயம் கிடையாது. ஆனால் ஐம்பத்தாறு வயசு வரைக்கும் கடலில் கால் நனைத்ததில்லை. நேரமில்லை.

கடலைக் காட்டியவள் என் மனைவி சரசு. ஃபைபர் வார்க்கிற ரெசின் பசை எடுக்கச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் கூட வருவாள். ஒரு தடவை ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்தினவள் சொன்னாள்: "ஏனுங்க, முப்பது வருசமா ரெசின் டிரம்மையே காட்டறீங்க. ஒருக்காவாச்சும் கடலைக் காட்டுங்க."

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மீனவக் குப்பத்துப் பக்கம் ஜீப்பை நிறுத்தினேன். கரையில் ஒருத்தன் உடைந்த பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஏதோ பசையைப் பூசி, ஊதிக்கொண்டிருந்தான். புண்ணை ஊதி ஆற்றுகிற மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "நகரு தம்பி" என்றேன். ஜீப்பில் ரெசின் இருந்தது, கண்ணாடியிழையில் நெய்த மேட் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒட்டி, இழைத்து, தட்டிக் காட்டினேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எந்த ஊரு?"

"நாமக்கல்லு."

"அங்க கடலு கீதா?"

"இல்ல."

"அப்போ எப்டி?"

"லாரி இருக்குதப்பா" என்றேன்.

அவன்தான் தேசிங்கு. விடியற்காலையில் போட்டில் மீனுக்குப் போவான். வெயில் ஏறினால் வெளியூர் ஆட்களுக்கு அலைச்சறுக்கு சொல்லித் தருவான். அன்றைக்கே என்னையும் ஒரு பலகையில் படுக்கப் போட்டுத் தள்ளிவிட்டான். ஒரு அலை வந்து பின்னாலிருந்து தூக்கியது பாருங்கள்! கரைக்கு வந்து சேர்ந்தபோது வாயெல்லாம் மணல். சரசு கரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அந்த மணலைத் துப்பின நேரத்திலிருந்து மாசத்துக்கு ரெண்டு தடவை கடல் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சோப்புக்கட்டி

கடலில் எல்லோரும் ஒன்று என்று நினைத்துத்தான் போனேன். தண்ணீருக்குள் ட்ராயரோடு நிற்கிறவர்களில் யார் மொதலாளி, யார் டிரைவர்? அப்படி இல்லை என்பது ரெண்டே நாளில் தெரிந்தது.

அங்கே பலகையைப் பார்த்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள். ஆறடிச் சின்னப் பலகை வைத்திருக்கிற சென்னைப் பையன்களுக்கு, ஒன்பதடி நீளப் பலகைக்காரனைக் கண்டால் இளப்பம். "மாமா வண்டி வருது, ஒதுங்குடா" என்பார்கள். நீளப் பலகைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "அலையில நிக்கத் தெரியாதவன்தான் கொசு மாதிரி துள்ளுவான்" என்பார்கள். மீன்வால் மாதிரிப் பிளந்த பலகை ஒன்று இருக்கிறது. அதை வைத்திருக்கிறவர் ரெண்டு கட்சியிலும் சேராமல், பெரிய படிப்புப் படித்தவர் மாதிரி தனியாகப் போய் மிதப்பார்.

இந்த மூன்று பேரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் ஸ்பாஞ்சுப் பலகை. மேல்பக்கம் மெத்தென்று இருக்கும். தலையில் பட்டாலும் வலிக்காது. புதிதாய்க் கற்றுக்கொள்கிறவர்களுக்கானது. அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பேர் சோப்புக்கட்டி. ஒருத்தன் சோப்புக்கட்டியோடு தண்ணீரில் இறங்கினால், மற்றவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டுக்குப் பனியனோடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

எனக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. சேலம் பைபாஸில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள். ட்ரெய்லர் ஓட்டுகிறவன் பத்துச் சக்கரக்காரனை மதிக்கமாட்டான். டேங்கர்காரன் ரெண்டு பேரோடும் பேசமாட்டான். எல்லோரும் சேர்ந்து குட்டியானைக்காரனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் தக்காளியும் முட்டையும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவது குட்டியானையில்தான். தெரிந்தும் சிரிப்போம். நானும் சிரித்தவன்தான்.

பன்னெண்டு-பதிமூணு

எனக்கு எதிலும் ஒன்று வாங்கிப் பழக்கமில்லை.

முதலில் வாங்கினது ஆறடிப் பலகை. அதில்தான் கெத்து என்று சென்னைப் பையன்களைப் பார்த்து முடிவு செய்தேன். அவர்கள் ஐம்பத்தைந்து கிலோ, நான் தொண்ணூற்று ரெண்டு கிலோ என்பதை யோசிக்கவில்லை. ஏறிப் படுத்தேன். பலகையும் நானும் சேர்ந்து நெஞ்சளவுக்கு இறங்கினோம். குட்டையில் எருமை கிடக்கிற மாதிரி தலை மட்டும் வெளியே. "இன்னா நாமக்கல்லாரே, குளிக்க வந்தீங்களா?" என்றான் தேசிங்கு.

அப்புறம் ஏழடி ஒன்று. மீன்வால் ஒன்று. ஒன்பதடி மூன்று. கல்யாண முருங்கை மரத்தை அறுத்து இழைத்து நானே ஒன்று செய்தேன். பார்க்க அவ்வளவு அழகு. கடலில் போட்ட அரைமணி நேரத்தில் குடிக்கிற அளவுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பட்டறைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றி, ஒவ்வொன்றாக மாட்டினேன். ஃபைபர் தொட்டி வாங்க வருகிற பண்ணைக்காரர்கள் மாட்டுச் சந்தையில் நிற்கிற மாதிரி நின்று பார்ப்பார்கள். "இது எதுக்குங்க? ஏரோப்ளேன் ரெக்கைங்களா?" எனக்கு அது போதும்.

தேசிங்குக்கு இதில் உடன்பாடு இல்லை. "கடலுக்கு மூணு பலகை போதுங்க. கடலு கோவமா இருந்தா ஒண்ணு, சாந்தமா இருந்தா ஒண்ணு, தெனத்துக்கு ஒண்ணு. மிச்சமெல்லாம் சுவத்துக்கு" என்பான்.

"ஸ்பேனர் செட்டு பாத்திருக்கறயா?" என்று மடக்கினேன். "ஆறு-ஏழுல ஆரம்பிச்சு முப்பது-முப்பத்திரெண்டு வரைக்கும் இருக்கும். ஒண்ணு கொறஞ்சாலும் அது செட்டு இல்ல."

"சரி. அதுல தெனம் கையில எடுக்கறது எது?"

எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் ஒரே பதில்தான், நானும் அதையே சொன்னேன். "பன்னெண்டு-பதிமூணு."

"அதான்" என்று சொல்லிவிட்டு வலையைப் பிரிக்கப் போய்விட்டான்.

இப்போது இதுவரை இங்கே எழுதாததைச் சொல்கிறேன். என்னுடைய பன்னெண்டு-பதிமூணு ஒரு சோப்புக்கட்டி.

நீல நிறம். எட்டடி. பேரப் பிள்ளைகளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். சுவரில் தொங்கிய பத்தில் எதிலும் நான் எழுந்து நின்றதில்லை. படுத்திருக்கிறேன், மண்டி போட்டிருக்கிறேன், உருண்டிருக்கிறேன். ரெண்டு காலில் நிமிர்ந்து நின்று கரை வரைக்கும் வந்தது இந்த நீலப் பலகையில் மட்டும்தான். ஊரில் அதற்குச் சுவரில் இடம் கிடையாது. ரெசின் டிரம்முக்குப் பின்னால் தார்ப்பாய் சுற்றி வைத்திருப்பேன். கடலுக்குப் போகும்போது ஜீப்பின் மேலே ஒன்பதடி கம்பீரமாகப் போகும், நீலம் உள்ளே சீட்டை மடக்கிப் படுத்துக்கொண்டு வரும். விடிந்தும் விடியாமல், சென்னைப் பையன்கள் வருவதற்கு முன்னால், கல் கொட்டி வைத்திருக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் போய் அதில் நின்றுவிட்டு வந்துவிடுவேன். வெயில் ஏறினதும் ஒன்பதடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கரையில் நின்று அலையைப் பற்றிப் பேசுவேன்.

சரசுக்கு மட்டும் தெரியும். "கள்ளு குடிக்கப் போறவன்கூட இப்படி ஒளிஞ்சு போகமாட்டானுங்க" என்பாள்.

கம்பெனி சொன்னதுக்கு மேல ஒரு பட்டை

தேசிங்கிடமும் சொந்தமாகப் பத்துப் பதினைந்து பலகை இருந்தது. எல்லாம் வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்கு. அவனுக்கென்று ஒன்றே ஒன்று. ஒன்பதடி. பழைய காலத்து உருப்படி. நடுவில் மரப்பட்டை ஓடும். அடியில் வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி ஒற்றைத் தகடு. வெயில் பட்டுப் பட்டு நெய் நிறத்துக்கு வந்திருந்தது.

பெரிய அலை வந்த வருஷத்தில் குப்பத்தில் அவன் வீடு போனது, போட்டு போனது, வலை போனது. மூன்றாம் நாள், ஊருக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில், ரெண்டு மரத்துக்கு நடுவில் இந்தப் பலகை செருகிக்கொண்டு நின்றதாம். அடியில் சவுக்கு மரம் கீறின கோடுகள். நாலைந்து நீளக் கோடு. வேறு சேதமில்லை.

"எல்லாத்தியும் எடுத்துக்கினு போன கடலு, இத்த மட்டும் திருப்பிக் குடுத்துச்சு" என்று ஒரு தடவை சொன்னான். அதற்கு மேல் அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

போன வருஷம் மழைக்கு முன்னால் அந்தப் பலகையின் மூக்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு விரிசல். என்னிடம் கொடுத்தான். வேறு யார் கையிலும் கொடுக்காததை என் கையில் கொடுத்தான். "இத்த மட்டும் அடைச்சிடுங்க நாமக்கல்லாரே. வேற எதியும் தொட வேணாம்."

"ஆயுத பூஜைக்கு நீயே வந்து எடுத்துக்கோ. எங்க ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு" என்றேன்.

இங்கேதான் எங்கள் ஊர்த் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து சேசிஸ், அதாவது லாரியின் அடிச்சட்டம், வரும். இத்தனை டன் தாங்கும் என்று எழுதி வரும். எங்கள் பக்கத்து லாரி பாடி பில்டர் எவனும் அதோடு விடமாட்டான். கம்பெனி சொன்னதுக்கு மேல ஒரு பட்டை வைப்பான். அடியில் ஒரு கட்டை கூடுதலாகப் போடுவான். "நம்ம ஊரு வண்டி" என்றால் வடக்கே வரைக்கும் மரியாதை இருப்பது அந்த ஒரு பட்டையால்தான். கேட்டதை மட்டும் செய்து கொடுத்தால் அது வேலையே இல்லை என்பது எங்கள் ரத்தத்தில் ஊறினது.

பலகை பட்டறைக்கு வந்தது. என்னிடம் முப்பது வருஷமாக இருக்கிற ரஃபி பாய் சேலத்துக்காரர். ஃபைபரும் அவர்தான், பெயிண்டும் அவர்தான். விரிசலை ஒரே நாளில் அடைத்துவிட்டுத் துணியில் சுற்றப் போனார்.

"என்ன பாய், அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் கேட்டாரு மொதலாளி."

"கேட்டதுக்கு மேல செய்யலைன்னா நம்மளுக்கு என்ன பேரு? மூக்குல வந்த விரிசல் நாளைக்கு நடுவுல வராதா? மேல ஒரு மேட்டு, கீழ ஒரு மேட்டு போடு. அடியில பாரு, கோடு கோடா. அதுக்குப் புட்டி வை."

பாய் துணியைக் கீழே வைத்தார். "மொதலாளி, தையக்காரன்கிட்ட பட்டன் வைக்கக் குடுத்தா, சட்டையையே வேற தைச்சுத் தரக் கூடாது."

நல்ல வார்த்தை. காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

மேலே ஒரு மேட், கீழே ஒரு மேட். ஓரத்துக்கு இன்னொரு பட்டை. கோடெல்லாம் புட்டியில் மறைந்தது. அப்புறம் பெயிண்ட். பாயின் கை அபாரம். மூக்கில் ரெண்டு பெரிய கண், ஓரமெல்லாம் தாமரை, நடுவில் 'கடலம்மா துணை', வாலில் 'ஒலி எழுப்பு'. வெயிலில் காய வைத்தபோது ரோட்டில் போன டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள்.

சந்தனமும் வைத்து, பூசணிக்காயும் சுற்றி உடைத்து, தேசிங்கின் முன்னால் திரையை விலக்கினேன்.

எதை வேணும்னாலும்

அவன் அடிப்பக்கத்தில் தேடியது அந்தக் கோடுகளைத்தான்.

அது எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. பொரித் தட்டோடு நின்ற சரசு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரஃபி பாய் தரையைப் பார்த்தார். 'சொன்னேனே' என்று ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனுஷன் பார்க்கவில்லை.

"வேற எதியும் தொட வேணாம்னு சொன்னேனே நாமக்கல்லாரே" என்றான் தேசிங்கு. சத்தமே இல்லாமல் சொன்னான்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தப்பு நடந்தால் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்துவிடுவது. சுவரைக் காட்டினேன். "தேசிங்கு, தப்பு என்னுதுதான். என் பலகையில எது வேணும்னாலும் எடுத்துக்கோ. எல்லார் முன்னாலயும் சொல்றேன். எது வேணும்னாலும்."

வேலையாட்கள் எல்லாம் சுவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒன்பதடியில் சந்தன நிறத்தில் ஒன்று, வெளிநாட்டுச் சரக்கு. எடுத்தால் அதைத்தான் எடுப்பான். போனால் போகட்டும் என்று மனசைத் தயார் செய்துகொண்டேன்.

தேசிங்கு சுவர் ஓரமாக நடந்தான். ஒவ்வொன்றிலும் கால் வழுக்காமல் இருக்கப் பூசின மெழுகை விரலால் தொட்டுப் பார்த்தான். விரலில் ஒட்டின தூசியை ஊதினான். சந்தன நிறத்தின் முன்னால் நின்றான். தாண்டினான். கல்யாண முருங்கையைப் பார்த்து லேசாகச் சிரித்தான். தாண்டினான். சுவர் முடிந்தது. அவன் நிற்கவில்லை. ரெசின் டிரம்முக்குப் பின்னால் நீலம் எட்டிப் பார்த்ததைக் கண்டுவிட்டான் போல, நேராகப் போய்த் தார்ப்பாயை இழுத்தான்.

"இத்த குடுங்க."

வேலையாட்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள்.

"அது... பேரப் பசங்களுது தேசிங்கு. ஸ்பாஞ்சு. சோப்புக்கட்டி. உனக்கு எதுக்கு?"

"மத்ததுலல்லாம் மெழுகு மேல தூசி. இதுல மட்டும் மணலு கீது" என்றான். "கல்லுக்கு அந்தாண்ட நீங்க நிக்கறத ஒவ்வொரு தபாவும் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"நீதான் அந்நேரம் மீனுக்குப் போயிருப்பயே!"

"போட்டுல இருந்துதான் பாத்தேன். கரையிலேர்ந்து பாத்தா அது மறைவு. கடல்லேர்ந்து பாத்தா எது மறைவு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக நான் ஒன்பதடியில் நின்று வந்த கதையைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

"எனக்கு எது உசுரோ அது போச்சு" என்றான் தேசிங்கு. "உங்களுக்கு எது உசுரோ அத்த நான் எடுத்துக்கினு போறேன். அப்போதான் உங்களுக்குப் புரியும்."

அதில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. எது வேணும்னாலும் என்று சொன்னவன் நான். நானே தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். தார்ப்பாய் மூட்டையைப் பார்த்துக் கண்டக்டர் கேட்டார். "ஏனுங்க, இது லக்கேஜா, ஆளா?"

ஒலி எழுப்பு

தீபாவளி போனது. மழை ஆரம்பித்தது. ஐப்பசி மழையில்தான் தேசிங்கு பக்கத்துக் கடலில் நல்ல அலை. என் கால் ரெண்டும் நிற்கவில்லை. ஆனால் நிற்பதற்கு நீலம் இல்லை.

சுவரில் இருந்த பத்தையும் பார்த்தேன். எதையும் எடுக்கத் தோன்றவில்லை. கீழே, பெஞ்சு மேல், தாமரையும் கண்ணுமாக அது கிடந்தது. தேசிங்கு எடுத்துக்கொண்டு போகவில்லை. 'உங்களதுதான இப்போ' என்று சொல்லிவிட்டுப் போனான்.

"இதையே ஏத்துங்க" என்றாள் சரசு. "கெடுத்தது நீங்கதானுங்களே. சொமக்கறதும் நீங்களே சொமங்க."

சுமந்தோம். கரையில் ஜீப்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் முன்னால் நான், பின்னால் அவள். "ஏனுங்க, இதுக்கு நொகத்தடியே தேவலைங்க" என்று மூச்சு வாங்கினாள். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒளிந்து போகிற வேலை இதில் நடக்காது. லாரி மாதிரி பெயிண்ட் அடித்த பலகையை எங்கே ஒளிப்பது? சென்னைப் பையன்கள் நிற்கிற இடத்துக்கே போனேன். அவர்கள் முதலில் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். அப்புறம் போன் எடுத்தார்கள்.

அலை ஒன்று வந்தது. படுத்தபடி கையால் துடுப்புப் போட்டேன். நீலமாக இருந்தால் எடுத்த எடுப்பில் கிளம்பும். இது கிளம்பவில்லை. லோடு வண்டி முதல் கியரில் முனகுகிற மாதிரி முனகியது. போச்சு என்று நினைத்தேன். அப்புறம் நகர ஆரம்பித்தது பாருங்கள்!

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் முழு லோடோடு இறங்கின வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதேதான். சின்ன அலை, பெரிய அலை, எதையும் அது கேட்கவில்லை. கப்பலாட்டம் போனது, ஆடவில்லை. எழுந்தேன். ரெண்டு காலில் நின்றேன். கீழே பார்த்தால் 'கடலம்மா துணை'. முன்னால் பையன்கள், "டேய், லாரி வருதுடா!" என்று ரெண்டு பக்கமும் பாய்ந்தார்கள். எனக்குத் திருப்பவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. "ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்திக்கொண்டே வந்தேன். பலகை அலையை விட்டும் நிற்காமல், கிளிஞ்சல் கரையில் ஏறி, கரகரவென்று உழுதுகொண்டு போய், தேசிங்கின் காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவன் நீலப் பலகையில் ஒரு பெண்பிள்ளையைப் படுக்க வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சுடிதாரோடு இன்னும் மூன்று பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

"நின்னீங்களே" என்றான்.

"நின்னேன்."

"பகல்ல."

"பகல்லதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் பல்லைப் பார்த்தேன். "ஒரு தபா குடுங்க" என்று கேட்டு, தன் பலகையை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். எனக்கு முனகினது அவனுக்கு முனகவில்லை. ஒரு அலையில் நின்று, மெதுவாக, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு கரை வரைக்கும் வந்தான்.

"எப்படி இருக்குது?" என்றேன். இத்தனை வயசில் இன்னொருத்தன் பதிலுக்கு நான் அப்படிப் பயந்து காத்திருந்ததில்லை.

"நடை மாறிப்போச்சு. வயசான மாதிரி நடக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "நமக்கும்தான் ஆச்சு."

பலகையைப் புரட்டினான். கிளிஞ்சல் உழுததில் ரஃபி பாயின் பெயிண்ட் கிழிந்து, அடியில் நீளமாக மூன்று கோடு. நான் பதறிப்போய்க் குனிந்தேன். "அடடா! குடு, ஊருக்குக் கொண்டுபோயி ரெண்டே நாள்ல புட்டி வச்சு..."

தேசிங்கு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, வால் பக்கம் வரைக்கும் மெல்ல இழுத்துக்கொண்டு போனான்.

"தொடாதீங்க" என்றான். "இருக்கட்டும்."

தொடவில்லை. வாழ்க்கையில் கையில் எமரி இருந்தும் நான் தேய்க்காமல் விட்டது அந்த மூன்று கோடுதான்.

கனத்த பலகை என்னிடமே இருக்கட்டும், ஆனால் கடலுக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து அவன் கண்ணில் காட்ட வேண்டும் என்று பேச்சு. நீலத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். "அத்த தரமாட்டேன். நாலு பேரு அதுல நிக்கக் கத்துக்கினு கீறாங்க" என்றுவிட்டான்.

ஊருக்கு வந்ததும் ஒரு வேலை செய்தேன். சுவருக்கு நடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, சந்தன நிறத்தைக் கழற்றி ஓரத்துக்கு மாற்றினேன். அந்த இடத்தில் புதுசாக ரெண்டு ஆணி அடித்து, டியூபைச் சுற்றி, அப்படியே விட்டுவிட்டேன். இல்லாத பலகைக்கு ஆணி அடித்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வருகிற பண்ணைக்காரர்கள் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். "நடுவுல ஏனுங்க வெறும் ஆணி?"

"நான் நின்ன பலகைக்குங்க" என்கிறேன். "நீலம். ஸ்பாஞ்சு. சோப்புக்கட்டி."

சொல்லும்போது குரலைத் தாழ்த்துவதில்லை.